பெயர் எழுதாத ஓவியர்கள்



பள்ளி விடுமுறை நெருங்கினால், பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்வது என்ற பேச்சு வீட்டில் எழும். கோயில், கடற்கரை, உறவினர் வீடு, விலங்குத் தோட்டம் எனப் பல இடங்களைச் சொல்வோம். எல்லாம் நல்ல இடங்களே. இன்று நாம் வேறோர் இடத்தைப் பற்றிப் பேசுவோம். அங்கேயும் விலங்குகள் உண்டு, பறவைகள் உண்டு, மீன்கள் உண்டு. ஆனால், கூண்டு கிடையாது, சத்தமும் கிடையாது. ஏனெனில், அவை யாவும் இருநூறு ஆண்டுகளுக்கு முன் தாளின்மேல் வண்ணத்தால் வரையப்பட்டவை.

உயிருள்ள விலங்கையே நேரில் பார்க்க முடிகிற காலத்தில், வரைந்த விலங்கைப் பார்க்கவா பஸ் ஏறிப் போகவேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். அங்கே என்ன இருக்கிறது என்பதை முதலில் அறிந்துகொண்டால், விடை தானே கிடைக்கும்.

நாம் சொல்லும் இடம் சிங்கப்பூர் தேசிய அரும்பொருளகம். ஸ்டாம்ஃபர்ட் சாலையில், குவிமாடத்துடன் வெண்ணிறமாக நிற்கும் அந்தக் கட்டடம் 1887ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதன் பெருஞ்செல்வங்களுள் ஒன்று, வில்லியம் ஃபார்குவார் இயற்கை ஓவியத் தொகுப்பு. அதில் 477 ஓவியங்கள் இருக்கின்றன. எல்லாம் நம் மலாயாத் தீபகற்பத்தின் விலங்குகளும் பறவைகளும் மீன்களும் செடி கொடிகளுமே.

யார் இந்த ஃபார்குவார்? 1774இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் பணியில் சேர்ந்து 1791இல் சென்னைக்கு வந்தவர். அங்கே பொறியாளர் படையில் சேவை செய்து, பின்னர் மலாக்காவுக்கு வந்தார். 1803 முதல் 1818 வரை மலாக்காவின் ஆட்சியதிகாரியாக விளங்கினார். 1819இல் சிங்கப்பூரின் முதல் ஆட்சியதிகாரியானவரும் அவரே. மலாக்காவில் இருந்த காலத்தில், சுற்றுவட்டாரத்துக் காடுகளில் இருந்தும் கடலில் இருந்தும் உயிரினங்களையும் செடிகளையும் கொண்டுவரச் செய்து, சீன ஓவியர்களை அமர்த்தி, அவற்றை வரையச் செய்தார். அக்காலத்தில் ஒளிப்படக் கருவி கிடையாது. ஒரு விலங்கு எப்படி இருக்கும் என்பதைக் கடல் கடந்த ஊரில் உள்ளவருக்குக் காட்ட வேண்டுமானால், ஓவியனின் கையைத் தவிர வேறு வழியில்லை.

2018ஆம் ஆண்டுப் பள்ளி விடுமுறையில், மாணவர்களும் பெற்றோர்களும் ஆசிரியர்களுமாக நாங்கள் அங்கே சென்றிருந்தோம். ஓவியங்கள் இருந்த அறை மங்கலான வெளிச்சத்தில் இருந்தது. பிள்ளைகள், விளக்கைக் கூட்டி வைக்கக்கூடாதா என்று கேட்டார்கள். காரணத்தை அவர்களுக்கு விளக்கினோம். நீர்வண்ணம் ஒளி பட்டால் நாளடைவில் வெளுத்துவிடும். வெயிலில் காயும் சேலையின் சாயம் போவதை நாம் பார்க்கிறோம் அல்லவா? அதைப் போன்றதுதான். ஆகையால், இத்தகைய ஓவியங்களைக் குறைந்த வெளிச்சத்தில் வைக்கிறார்கள். 477 படங்களையும் ஒரே நேரத்தில் வைப்பதும் இல்லை. சிலவற்றைச் சில காலம் வைத்து, பிறகு எடுத்து இருட்டறையில் பாதுகாத்து, வேறு சிலவற்றை மாட்டுகிறார்கள். இருநூறு ஆண்டு வயதான வண்ணம் இன்றும் நிலைத்திருப்பதற்கு இந்தப் பொறுமையும் ஒரு காரணம்.

அங்கே சென்றால் எப்படிப் பார்க்க வேண்டும்? ஓட்டமாக ஓடி எல்லாவற்றையும் பார்த்துவிட எண்ணக்கூடாது. ஐந்து படம் போதும். ஒவ்வொன்றின் முன்னும் ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். முதலில் கண்ணைப் பாருங்கள். பிறகு காதை, மயிரின் போக்கை, நகத்தைப் பாருங்கள். ஒரு முடிக்குப் பக்கத்தில் இன்னொரு முடி என்று, நுனி மெலிந்த தூரிகையால் ஓவியர் எத்தனை கோடுகள் இழுத்திருக்கிறார் என்பது அப்போது தெரியும். சில படங்களில் பின்னணியாக, சீன ஓவியங்களில் காண்பது போன்ற பாறையும் மரமும் இருக்கும். மேனாட்டார் கேட்டது அறிவியல் படம். வரைந்தவரோ தம் முன்னோரிடம் கற்ற முறையையும் அதில் சேர்த்தார். இரண்டு நாட்டுக் கலை ஒரே தாளில் கலந்திருப்பதை அங்கே காணலாம்.

பல படங்களின் ஓரத்தில் அந்த உயிரினத்தின் மலாய்ப் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. ஜாவி எழுத்திலும் இருக்கிறது, ரோமன் எழுத்திலும் இருக்கிறது. சருகுமானின் படத்தைக் கண்டதும் மாணவர்கள் “கஞ்சில், கஞ்சில்!” என்று கூவிவிட்டார்கள். மலாய்ப் பாடத்தில் சாங் கஞ்சிலின் தந்திரக் கதைகளை அவர்கள் படித்திருக்கிறார்கள். கதையில் கேட்ட விலங்கு, குச்சி போன்ற கால்களும் பெரிய கண்களுமாக எதிரே நின்றது.

அழுங்கின் படத்தின் முன்னே எங்களுடன் வந்த ஒரு பாட்டி நின்றுவிட்டார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர் அவர். எழுதப் படிக்கத் தெரியாது. நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இது நம்ம அழுங்கு இல்ல, சார்? விடியக்காலைல மரம் வெட்டப் போனா, வேர்கிட்ட எறும்புப் புத்தைத் தோண்டிக்கிட்டு இருக்கும். ஆள் சத்தம் கேட்டா பந்து மாதிரி சுருண்டுக்கும். தாய் அழுங்கு குட்டிய வாலுமேல ஏத்திக்கிட்டுப் போகும். இந்தப் படத்துல குட்டியக் காணோமே.”

பாட்டி சொன்னது அத்தனையும் உண்மை. அழுங்குக்குப் பல் இல்லை. நீண்ட நாக்கால் எறும்பையும் கறையானையும் நக்கித் தின்னும். அதன் செதில்கள் நம் நகம் எந்தப் பொருளால் ஆனதோ அதே பொருளால் ஆனவை. தாய் அழுங்கு குட்டியை வாலின்மேல் சுமந்து செல்வதும் உயிர்நூலார் பதிவு செய்த செய்திதான். ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் பங்கோலின் என்னும் பெயரும், சுருண்டுகொள்வது என்னும் பொருள் தரும் மலாய்ச் சொல்லில் இருந்து போனதே. ஆக, காட்டோரத்தில் வாழ்ந்தவர்கள் கண்டு, பெயரிட்டு, பேசிய செய்திதான் உலகத்து நூல்களில் ஏறியிருக்கிறது. பாட்டி தம் கண்ணால் கற்ற பாடத்தை யாரும் அவரிடம் கேட்டு எழுதவில்லை, வேறுபாடு அவ்வளவே.

இப்போது தாப்பிரின் கதையைக் கேளுங்கள். மலாய்க்காரர்கள் இதனைத் தெனோக் என்றும் சிப்பான் என்றும் அழைப்பார்கள். பன்றி போன்ற உடல், சிறு துதிக்கை போல் நீண்ட மூக்கு, முன்பாதியும் கால்களும் கறுப்பு, முதுகும் இடுப்பும் வெள்ளை. வெள்ளைத் துணியை முதுகில் போர்த்திவிட்டது போல் தோன்றும். முன்காலில் நான்கு விரல், பின்காலில் மூன்று விரல். இரவு நேரத்தில் இந்தக் கறுப்பு வெள்ளை, விலங்கின் உருவத்தை உடைத்துக் காட்டி எதிரியின் கண்ணை ஏமாற்றும் என்பார்கள். பிறந்த குட்டியோ கோடும் புள்ளியுமாக இருக்கும்; சில மாதங்கள் கழித்தே தாயின் நிறத்தைப் பெறும்.

1812இல், பிரான்ஸ் நாட்டுப் பேரறிஞர் கூவியே, உலகில் இனிப் புதிதாகப் பெரிய நாற்கால் விலங்கு எதுவும் கண்டறியப்படும் என்ற நம்பிக்கை அதிகம் இல்லை என்று எழுதினார். நான்கே ஆண்டுகளில், 1816இல், ஃபார்குவார் மலாக்காவில் இருந்து மலாயாத் தாப்பிரைப் பற்றிய விவரத்தைக் கல்கத்தாவில் இருந்த ஆசியச் சங்கத்துக்கு அனுப்பினார். அவர் வீட்டில் ஒரு தாப்பிர் நாய்க்குட்டி போல் பழகி வளர்ந்ததாம். உணவு வேளையில் மேசையருகே வந்து ரொட்டிக்கும் பலகாரத்துக்கும் காத்து நிற்குமாம்! ஆனால், அவருடைய கட்டுரை அச்சேற 1820 ஆகிவிட்டது. அதற்குள் 1819இல் பிரெஞ்சுக்காரரான தெஸ்மாரே என்பவர் அவ்விலங்குக்கு அறிவியல் பெயர் சூட்டி வெளியிட்டுவிட்டார். இன்று அந்தப் பெயரின் பக்கத்தில் நிற்பது தெஸ்மாரேயின் பெயரே.

இக்கதையில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மேனாட்டு அறிஞருக்குப் புதிதாக இருந்த தாப்பிர், இந்நாட்டுக் காட்டோரத்துச் சிறுவனுக்கு என்றுமே புதிதன்று. அவன் அதைக் கண்டிருந்தான்; பெயரும் வைத்திருந்தான். ஆனால், எழுதி வைக்கவில்லை. எழுதியவருக்கும் அச்சிடத் தாமதமாயிற்று. பெயர் பின்னுக்குப் போயிற்று. அறிந்திருப்பது ஒரு செல்வம் என்றால், அதைப் பதிந்து வைப்பது அச்செல்வத்தைப் பூட்டிக் காக்கும் பெட்டி.

சரி, இந்த 477 படங்களையும் வரைந்தவர்களின் பெயர் என்ன? அது யாருக்கும் தெரியாது. மலாக்காவில் வாழ்ந்த சீன ஓவியர்கள் என்பதற்கு மேல் உலகம் அவர்களைப் பற்றி அறியவில்லை. படம் இருக்கிறது, படத்தில் உள்ள விலங்கின் பெயர் இருக்கிறது, வரையச் சொன்னவரின் பெயர் தொகுப்பின் பெயராகவே இருக்கிறது. ஆனால், குனிந்து உட்கார்ந்து, ஒரு செதிலும் தவறாமல் வரைந்தவரின் பெயர் மட்டும் இல்லை.

அக்காலத்து வழக்கமே அப்படித்தான் என்று சொல்லிவிடவும் முடியாது. அதற்குச் சற்று முன்னர், கல்கத்தாவில் தலைமை நீதிபதியின் மனைவியான மேரி இம்பே என்னும் அம்மையார் 1777 முதல் சில ஆண்டுகள் முந்நூறுக்கு மேற்பட்ட இயற்கை ஓவியங்களை வரையச் செய்தார். வரைந்தவர்கள் பாட்னாவைச் சேர்ந்த மூன்று ஓவியர்கள். ஷேக் ஜைனுத்தீன், பவானி தாஸ், ராம் தாஸ் என்னும் அவர்கள் பெயர்கள் படங்களிலேயே எழுதப்பட்டிருக்கின்றன. ஆகையால், இரு நூற்றாண்டுகளுக்கு மேலான பின்னும் அவர்களை நாம் பெயர் சொல்லிப் போற்ற முடிகிறது. ஒரு வரி எழுதி வைத்ததால் வந்த பயன் அது. மலாக்கா ஓவியர்களுக்கு அந்த ஒரு வரி கிடைக்கவில்லை.

நேயர்களே, இதைக் கேட்கும்போது நம் நெஞ்சில் ஏதோ உறுத்துகிறது அல்லவா? நம் பாட்டன் பூட்டன் கதையும் இதுதானே. காட்டைத் திருத்தியவர்கள், கன்று நட்டவர்கள், காண்டா தூக்கியவர்கள், செம்பனைக் குலை வெட்டியவர்கள் என எத்தனை ஆயிரம் பேர்! தோட்டத்துக்குத் துரையின் பெயரோ கம்பெனியின் பெயரோ நிலைத்தது. நட்ட கையின் பெயர் பிரட்டுப் புத்தகத்தோடு போயிற்று. இதைச் சொல்வது யாரையும் குறை கூறுவதற்காக அன்று. இனிமேலாவது நம் பிள்ளைகளின் வேலையில் அவர்கள் பெயர் இருக்கட்டும் என்பதற்காகவே.

அந்தப் படங்கள் நம் பக்கம் திரும்பி வந்த வரலாறும் அறியத்தக்கது. ஃபார்குவார் நாடு திரும்பிய பின், 1820களில் அவற்றை லண்டனில் உள்ள அரச ஆசியச் சங்கத்துக்கு வழங்கினார். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் அவை அச்சங்கத்தின் உடைமையாக இருந்தன. 1993இல் அவை ஏலத்துக்கு வந்தன. சிங்கப்பூரைச் சேர்ந்த கோ கியோக் கிம் என்பவர் சுமார் 30 இலட்சம் சிங்கப்பூர் வெள்ளி கொடுத்து அவற்றை வாங்கினார். அப்படி வாங்கியவர் அவற்றைத் தம் வீட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ளாமல், தம் தந்தையாரின் நினைவாக அரும்பொருளகத்துக்கே கொடுத்துவிட்டார். அவர் கொடுத்ததனால் அல்லவா நம் தோட்டத்துப் பாட்டியும் அழுங்கின் படத்தின் முன் நின்று பேச முடிந்தது!

2016இல் அதே அரும்பொருளகத்தில், ஜப்பானியக் கலைக்குழு ஒன்று இத்தொகுப்பின் 69 ஓவியங்களை எடுத்து, ஒளியால் அசையும் காடு ஒன்றை அமைத்தது. வட்டமான கூடத்தின் சுவர் நெடுக விலங்குகள் நடந்து போயின. மேலே இருந்து பூக்கள் உதிர்ந்தன. பிள்ளைகள் அங்கேதான் அதிக நேரம் ஓடியாடினார்கள். அதுவும் மகிழ்ச்சியே. ஆனால், வெளியே வந்தபின் “எந்த விலங்கு நினைவிருக்கிறது?” என்று கேட்டபோது, பெரும்பாலோர் சொன்னது மங்கலான அறையில் நின்று பார்த்த படத்தைத்தான். அசைவது கண்ணைக் கவரும். நிற்பது மனத்தில் தங்கும்.

இனி, வருத்தத்துக்குரிய செய்தி ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பார்கள். காடு இருந்தால்தான் விலங்கு இருக்கும். ஃபார்குவார் காலத்தில் இத்தீபகற்பத்துக் காடுகளில் சுமத்ரா காண்டாமிருகம் உலவியது. மலேசியக் காடுகளில் அது அற்றுப்போயிற்று என்று 2015இல் அறிவிக்கப்பட்டது. பாதுகாப்பில் இருந்த கடைசி ஒன்றும் 2019 நவம்பரில் சபாவில் இறந்துவிட்டது. மலாயாப் புலிகள் 150க்கும் குறைவு என்று, 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்புச் சொல்கிறது. தாப்பிர் அருகிவரும் இனம். காடு துண்டுபட்டதால் சாலையைக் கடக்க வந்து வாகனம் மோதிச் சாவது அடிக்கடி நிகழ்கிறது. அழுங்கோ, செதிலுக்கும் இறைச்சிக்குமாக வேட்டையாடப்பட்டு, அற்றுப்போகும் விளிம்பில் நிற்கிறது. அதைப் பிடிப்பதும் விற்பதும் சட்டப்படி குற்றம் என்பதை நாம் ஒவ்வொருவரும் நினைவில் வைக்க வேண்டும். பாட்டி படத்தில் தேடிய அந்தக் குட்டியை, நாளை நம் பேரப்பிள்ளைகள் காட்டிலும் தேடும் நிலை வரக்கூடாது.

வரைந்த விலங்கைப் பார்க்க ஏன் போகவேண்டும் என்ற கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். கூண்டில் உள்ள விலங்கை நாம் பார்க்கிறோம். ஓவியத்திலோ, ஒரு மனிதர் அந்த விலங்கை எவ்வளவு கவனமாகப் பார்த்தார் என்பதையே பார்க்கிறோம். அந்தக் கவனத்தை நம் பிள்ளைகள் கற்றுக்கொள்ளலாம். அதற்குப் பணம் வேண்டியதில்லை.

தாய்மார்களே, தந்தைமார்களே, பிள்ளை படம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால், “படிக்கிற நேரத்தில் கிறுக்காதே” என்று சொல்வது நம் வழக்கமாக இருக்கிறது. வரைவதும் படிப்புதான். ஓர் ஓணானை வரைய முயன்ற பிள்ளை, அதன் காலில் எத்தனை விரல் என்று எண்ணிப் பார்க்கும். எண்ணிப் பார்த்த பிள்ளை, அறிவியல் பாடத்தில் தானே கேள்வி கேட்கும்.

ஒரு சிறு முறையைச் சொல்கிறோம். இந்த வாரமே செய்து பாருங்கள். ஒரு பழைய நோட்டுப் புத்தகமும் ஒரு பென்சிலும் போதும். லயத்து வீட்டுப் பின்புறத்தில் வரும் மைனா, செம்பனை மரத்தில் குடியிருக்கும் ஆந்தை, கால்வாயில் நீந்தும் மீன், வாசலில் ஊரும் நத்தை என்று ஏதாவது ஒன்றைப் பிள்ளை பத்து நிமிடம் பேசாமல் பார்க்கட்டும். பிறகு வரையட்டும். அழகாக வரவேண்டும் என்று வற்புறுத்த வேண்டாம். சரியாக வரவேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். பாம்பையும் தேளையும் கண்டால் அருகே போகாமல் விலகிவிட வேண்டும் என்பதையும் சொல்லி வையுங்கள்.

படத்தின் கீழே ஐந்து செய்திகளை எழுதச் செய்யுங்கள். அந்த உயிரினத்தின் தமிழ்ப் பெயர், அதன் மலாய்ப் பெயர், கண்ட இடம், கண்ட நாள், ஐந்தாவதாக வரைந்த பிள்ளையின் பெயர். தாத்தா பாட்டி அந்த உயிரினத்தைப் பற்றி ஏதேனும் சொன்னால், அதையும் அவர்கள் பெயரோடு எழுதிக்கொள்ளுங்கள். நோட்டு நிறைந்ததும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பிறப்புச் சான்றிதழை வைத்திருக்கும் பெட்டியிலேயே அதையும் வையுங்கள்.

சிங்கப்பூருக்குப் போகும் வாய்ப்புள்ளவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் கட்டடத்தில் 2023 முதல் பகுதி பகுதியாகப் புதுப்பிப்பு வேலை தொடங்கியது. ஆகவே, எந்தக் கூடம் திறந்திருக்கிறது, எந்தப் படங்கள் காட்சியில் உள்ளன என்று முன்கூட்டியே கேட்டறிந்து செல்லுங்கள். போக இயலாதவர்கள் கவலைப்பட வேண்டாம். சிங்கப்பூர் தேசிய மரபுடைமைக் கழகத்தின் இணையப் பக்கத்தில் இத்தொகுப்பின் ஓவியங்களைப் பார்க்கலாம். பள்ளியில் உள்ள கணினியில் காட்டும்படி ஆசிரியரைக் கேளுங்கள்; மனமுவந்து காட்டுவார்கள்.

மாணவச் செல்வங்களே, மலாக்கா ஓவியர்களின் பெயரை இனி நம்மால் மீட்க முடியாது. அவர்கள் கற்றுத்தந்த கவனத்தைக் கைக்கொள்ள முடியும். நாளை காலை பள்ளிக்குச் செல்லும் வழியில் உங்கள் கண்ணில் படும் முதல் பறவையை நின்று பாருங்கள். மாலையில் அதை வரையுங்கள். வரைந்து முடித்ததும், உங்கள் பெயரைத் தெளிவாக, முழுமையாக, தமிழில் எழுதுங்கள்.